‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லும் முன்

நாள்பட்ட நோயுள்ள நாயையோ பூனையையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கு,

சிறுநீரகம் பழுதான பூனை, சர்க்கரை நோய் வந்த லாப்ரடார், இதய வால்வு தடித்துப்போன பொமரேனியன், அவ்வப்போது வலிப்பு வரும் நாட்டு நாய், மூட்டு தேய்ந்து படியேறத் தயங்கும் அல்சேஷன் என்று ஏதோ ஒன்று உங்கள் வீட்டில் இருக்கும். இவை ஐந்து நாள் ஊசியில் தீர்கிற நோய்கள் அல்ல என்பதை டாக்டர் முதல் நாளே சொல்லியிருப்பார். ஆனாலும் அடுத்த முறை போகும்போது “எப்படி இருக்கு?” என்று அவர் கேட்டால், பெரும்பாலான வீடுகளிலிருந்து வரும் பதில் “நல்லாத்தான் இருக்கு டாக்டர், சாப்பிடுது, வாலாட்டுது” என்பதுதான். அந்தப் பதிலோடு வழக்காடவே இந்த மடல். நீங்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. கண்ணில் பட்டதைச் சொல்கிறீர்கள். ஆனால் நாள்பட்ட நோயில் கண் மோசமான சாட்சி. எடை, தண்ணீர், மூச்சு, மருந்து கொடுத்த நேரம் ஆகிய நான்கையும் வீட்டில் அளந்து ஒரு நோட்டில் எழுதி வைப்பது சிகிச்சைக்குப் பக்கத்துணை அன்று, சிகிச்சையில் பாதி அதுதான் என்பது என் வாதம். அது இல்லாமல் நல்ல டாக்டரும் விலை உயர்ந்த மருந்தும் பாதி வீணாகின்றன.

கண் ஏன் ஏமாறுகிறது என்பதைச் சிறுநீரகத்தை வைத்தே பார்க்கலாம். வயதான பூனைகளிடம் மிகப் பரவலாகக் காணப்படும் நாள்பட்ட நோய்களில் சிறுநீரகப் பழுதும் ஒன்று. சிறுநீரகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வேலை போன பிறகே சிறுநீரை அடர்த்தியாக்கும் திறன் குறைகிறது. நான்கில் மூன்று பங்கு போன பிறகுதான் இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவு வழக்கமான எல்லையைத் தாண்டுகிறது. அதாவது ஆய்வுக்கூடத் தாளில் முதல் கோளாறு தெரியும் நாளில் கையிருப்பின் பெரும்பகுதி ஏற்கெனவே கரைந்திருக்கிறது. அதற்கு மாதக்கணக்கில் முன்பே ஒரு தடயம் வீட்டிலேயே கிடந்திருக்கும்: தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாவதும், மணல் தட்டில் ஈரக்கட்டிகள் பெரிதாவதும். பூனையின் மூதாதைகள் வறண்ட நிலத்து விலங்குகள். குறைந்த தண்ணீரில் வாழப் பழகியவை. எனவே பூனை ஒன்று திடீரென்று நிறையக் குடிக்கிறது என்றால் அது நல்ல பழக்கம் அன்று. ஒரு நாய் ஒரு நாளில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் அதை டாக்டர்கள் மிகைத் தாகம் என்று கணக்கிடுகிறார்கள். பூனைக்கு அதில் பாதியே போதும், சந்தேகப்பட வேண்டியதுதான். இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எடையும் அப்படித்தான். நான்கு கிலோ பூனை 200 கிராம் இழந்தால், அது அறுபது கிலோ மனிதர் மூன்று கிலோ இழந்ததற்குச் சமம். ரோமம் அடர்ந்த உடம்பில், தினமும் பார்க்கிறவர் கண்ணுக்கு அது படாது, ஆறு மாதம் கழித்து வரும் உறவினர்தான் “என்ன இப்படி எலும்பும் தோலுமா ஆயிடுச்சு?” என்பார். சமையலறைத் தராசோ, பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று நம் எடையைக் கழிக்கும் சாதாரணத் தராசோ எதுவானாலும் சரி. எப்போதும் அதே தராசு, அதே நேரம் என்பது மட்டும் முக்கியம்.

இனி ‘நல்லாத்தான் இருக்கு’ என்ற பதில் செய்யும் பெரிய கெடுதலுக்கு வருகிறேன். மருந்தை நிறுத்தும் முடிவு அதிலிருந்துதான் பிறக்கிறது. தமிழ்நாட்டில் நாய் வளர்க்கும் எல்லோருக்கும் உண்ணிக் காய்ச்சல் தெரியும். எர்லிக்கியா என்ற நுண்ணுயிரால் வரும் வகைக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையை 28 நாள் கொடுக்க வேண்டும் என்பது ஏற்கப்பட்ட முறை. கொடுக்கத் தொடங்கிய இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டுவிடும், நாய் எழுந்து சோறு தின்னும். பட்டையில் மிச்ச மாத்திரைகள் அலமாரிக்குப் போகும். கிருமி உடம்பில் தங்கிவிட்டால், சில நாய்களுக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து அது நாள்பட்ட நிலையாகி, எலும்பு மஜ்ஜையையே செயலிழக்கச் செய்கிறது. மூக்கில் இரத்தம் வடிந்து வந்து நிற்கும் நாய்களைக் காப்பாற்றுவது கடினம். வியட்நாம் போரில் அமெரிக்க இராணுவம் நூற்றுக்கும் மேற்பட்ட தன் நாய்களை இந்த நோய்க்குப் பறிகொடுத்தது. அப்போதுதான் உலகம் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டது. 28 நாள் என்ற கணக்கை மனத்தில் வைத்துக்கொள்வதற்கும் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாகக் கோடு போடுவதற்கும் உள்ள வித்தியாசம் சிறிதல்ல.

வலிப்பு மருந்தில் இந்தத் தவறு இன்னும் ஆபத்தானது. பீனோபார்பிட்டோன் மனிதர்களுக்கு 1912 முதல் புழக்கத்தில் இருக்கும் மருந்து. நாய்களுக்கு இன்றும் முதல் தேர்வுகளில் ஒன்று. மூன்று மாதம் வலிப்பே வரவில்லை என்பது மருந்து வேலை செய்கிறது என்பதற்கான சான்று. மருந்து தேவையில்லை என்பதற்கு அல்ல. திடீரென்று நிறுத்தினால் ஒன்றன்பின் ஒன்றாக வலிப்பு வந்து அடங்காமல் போகலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீளும் வலிப்பு உயிருக்கே உலை வைக்கும். தோல் அரிப்புக்காக நீண்ட நாள் ஸ்டீராய்டு தின்ற நாய்க்கு அதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்துதான். உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை மறந்திருக்கும். இந்தப் பழக்கம் விலங்குகள் விஷயத்தில் மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம். வளர்ந்த நாடுகளிலேயே நாள்பட்ட நோயாளிகளில் சராசரியாகப் பாதிப் பேர்தான் மருந்தைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் எழுதியது. தன் பிரஷர் மாத்திரையையே பாதியில் விடுகிற வீட்டில் நாயின் மாத்திரை மட்டும் தவறாமல் போகும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகப்படியான நம்பிக்கை.

வெளியில் ஒன்றும் தெரியாத காலத்தில்தான் மருந்துக்கு அதிக மதிப்பு என்பதற்கு ஓர் உறுதியான ஆதாரம் இருக்கிறது. சின்ன இன நாய்களுக்கு வயதானால் இதயத்தின் மைட்ரல் வால்வு தடித்து ஒழுகத் தொடங்கும்; நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருந்த பொமரேனியன்களும் ஸ்பிட்ஸ்களும் இதற்கு விலக்கல்ல. இதயம் பெரிதாகிவிட்ட, ஆனால் இருமலோ மூச்சுத்திணறலோ இன்னும் தொடங்காத 360 நாய்களை எடுத்துக்கொண்டு பிமோபெண்டான் என்ற மருந்தைச் சோதித்த பன்னாட்டு ஆய்வு 2016இல் வெளியானது. மருந்து பெற்ற நாய்கள், பெறாதவற்றைவிடச் சராசரியாகப் பதினைந்து மாதம் பிந்தியே இதயச் செயலிழப்பு நிலைக்குப் போயின. அந்த நாய்களைப் பார்த்து யாரும் ‘நல்லாத்தான் இருக்கு’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். நாயின் ஆயுளில் பதினைந்து மாதம் என்பது நம் கணக்கில் பல ஆண்டுகள்.

இதய நோயுள்ள நாய்க்கு வீட்டில் செய்யக்கூடிய மிக எளிய அளவு அது தூங்கும்போது விடும் மூச்சு. மார்பு ஒருமுறை ஏறி இறங்குவது ஒன்று. ஒரு நிமிடம் எண்ண வேண்டும். முப்பதுக்குக் கீழே இருக்க வேண்டும். பெரும்பாலான நாய்களுக்கு அது இருபதை ஒட்டியோ அதற்கும் கீழேயோதான் இருக்கும். ஒரு வாரம் 18, 19 என்று எழுதி வந்த இடத்தில் 28, 31, 34 என்று ஏறினால், நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கிவிட்டது என்று இருமல் வருவதற்கு முன்பே ஊகிக்கலாம். அன்றே டாக்டரைக் கூப்பிட்டால் மாத்திரை அளவை மாற்றுவதோடு போகும். இரண்டு நாள் தள்ளினால் நள்ளிரவில் ஆக்சிஜன் தேடி ஓட வேண்டியிருக்கும். ஸ்கேனோ எக்ஸ்ரேயோ இல்லாமல், கையில் கடிகாரம் மட்டும் வைத்துக்கொண்டு கிடைக்கும் முன்னெச்சரிக்கை இது.

இங்கே ஒரு மறுப்பு வரும். “அளப்பதும் கணிப்பதும் டாக்டர் வேலை. நாங்கள் அரைகுறையாக அளந்து என்ன ஆகப்போகிறது? ஆஸ்பத்திரியில் எடுத்தால்தானே சரியாக இருக்கும்?” நியாயமாகத் தோன்றும். பல விஷயங்களில் உண்மை இதற்கு நேர்மாறு. கூடையில் அடைபட்டு, ஆட்டோவில் ஆடி, பக்கத்து பெஞ்சில் ராட்வீலர் குரைப்பதைக் கேட்டுக்கொண்டே மேஜைக்கு வரும் பூனையின் இரத்தச் சர்க்கரை, பயத்தினாலேயே எகிறும். நோய் இல்லாத பூனைக்கும் 300ஐத் தொடலாம். இரத்த அழுத்தமும் அப்படியே. அதனால்தான் சர்க்கரையின் கடந்த இரண்டு மூன்று வாரச் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் சோதனையை டாக்டர்கள் கேட்கிறார்கள். தன் மூலையில், தன் துணியில் படுத்திருக்கும் விலங்கின் எண்தான் அதன் உண்மையான எண். அதை எடுக்க டாக்டரால் முடியாது, உங்களால் முடியும். மேலும், ஆய்வுக்கூடத் தாளில் அச்சிட்டிருக்கும் ‘நார்மல்’ எல்லைகள் எல்லா இனத்துக்கும் அப்படியே பொருந்துவதில்லை. கிரேஹவுண்டுக்கு மற்ற நாய்களைவிட கிரியேட்டினின் இயல்பாகவே அதிகம், தைராய்டு அளவு இயல்பாகவே குறைவு. நம் சிப்பிப்பாறையும் கன்னியும் அதே மாதிரி ஓட்டத்துக்கு உருவான மெலிந்த உடல்வாகு கொண்டவை. அவற்றுக்கு எது இயல்பு என்று தாள் சொல்வதைவிட, அதே நாய் நோயில்லாத காலத்தில் எடுத்த சோதனை நன்றாகச் சொல்லும். ஏழெட்டு வயதானதும், ஒன்றும் இல்லாதபோதே ஒருமுறை இரத்தமும் சிறுநீரும் சோதித்து நோட்டில் ஒட்டி வைப்பது வெட்டிச் செலவு அன்று.

சர்க்கரை நோயைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த நோய்க்கும் நாய்க்கும் உள்ள உறவு நாம் நன்றிக்கடன் பட்ட உறவு. 1889இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மிங்கோவ்ஸ்கியும் வான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்தபோதுதான் சர்க்கரை நோய் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. 1921இல் டொராண்டோவில் பேண்டிங்கும் பெஸ்டும் நாய்களின் மீது சோதித்தே இன்சுலினைக் கண்டெடுத்தார்கள். கணையம் எடுக்கப்பட்ட மார்ஜரி என்ற நாய் அந்தச் சாற்றினால் பல வாரம் உயிரோடு இருந்தது. 1922 ஜனவரியில் முதல் மனிதருக்கு இன்சுலின் போடப்பட்டது. நூறாண்டு கழிந்தும், சர்க்கரை வந்த நாய்க்கு அந்த ஊசியைத் தவிர வேறு வழியில்லை. மனிதர்கள் விழுங்கும் சர்க்கரை மாத்திரைகள் நாய்க்குப் பயன்படுவதில்லை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, சாப்பாட்டை ஒட்டி, ஆயுள் முழுக்க ஊசிதான். பெரும்பாலான நாய்களுக்குக் கண்புரையும் வந்துவிடும், பலவற்றுக்கு முதல் ஆண்டுக்குள்ளேயே. இதை முன்பே தெரிந்துகொண்டால், நாய் சுவரில் முட்டும் நாளில் வீடே கலங்கிப்போக வேண்டியதில்லை.

இந்த நோயில் நோட்டு இல்லாத வீட்டில் நடக்கும் விபத்துகள் எல்லாம் ஒரே மாதிரி. அப்பா ஆறு மணிக்கு ஊசி போட்டுவிட்டுப் போவார். தெரியாமல் மகள் எட்டு மணிக்கு இன்னொன்று போடுவாள். நாய் சாப்பிடவில்லை என்பதைக் கவனிக்காமல் முழு அளவு போய்விடும். சர்க்கரை ஏறுவது மெல்லக் கெடுக்கும்; இறங்குவது சில மணி நேரத்தில் கொல்லும். அதைவிட மோசமானது சிரிஞ்சுக் குழப்பம். நம் மெடிக்கல் ஷாப்பில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினும் கிடைக்கும், 100 யூனிட் உள்ளதும் கிடைக்கும். முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, பின்னதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40க்கான சிரிஞ்சில் கோடு பார்த்து இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். எந்தப் புட்டி, எந்த மூடி என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ள வரும் சித்தப்பாவுக்கும் அது புரிய வேண்டும். கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் நிற்கும் கத்திரி வெயில் காலத்தில், ஈரமண்ணில் புதைத்த பானைக்குள் புட்டியை வைப்பது பல கிராமங்களில் மனிதர்களின் இன்சுலினுக்கே செய்யப்படுகிறது. நாயின் புட்டிக்கும் அது பொருந்தும்.

பூனையின் கதை வேறு. சரியான உணவும் இன்சுலினும் சீக்கிரமே தொடங்கினால், கணிசமான பூனைகளுக்குச் சில மாதங்களில் ஊசியே தேவையில்லாத நிலை வந்துவிடுகிறது. இது நல்ல செய்திதான். ஆனால் அளக்காத வீட்டில் இதுவே எமனாகும். உடம்பு தானாகச் சரியாகிக்கொண்டிருக்கும்போது பழைய அளவே தினமும் போனால் சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கும். காதோரத்தில் ஒரு குத்து, குளுக்கோமீட்டரில் ஒரு துளி என்பதைப் பெரும்பாலான பூனைகள் சில நாளில் ஏற்றுக்கொள்கின்றன. இரண்டு வாரம் தோலில் ஒட்டியிருந்து தானே அளந்துகொண்டிருக்கும் சென்சார்களும் வந்துவிட்டன. மனிதர்களுக்கான மீட்டர் விலங்குகளிடம் சற்று மாறுபட்ட எண்ணைக் காட்டும் என்பது உண்மை. ஆனாலும் ஒரே மீட்டரில் எடுத்த வரிசை, போக்கைக் காட்டும்.

உணவைப் பற்றி நம் வீடுகளில் நடக்கும் சண்டை தனி. டாக்டர் சொன்ன சிறுநீரக உணவு ருசியில்லை, அது தின்னாது, பாவம் என்று பாட்டி ஒரு கை மீன்சோறு வைப்பார். சிறுநீரக உணவில் முக்கியமானது பாஸ்பரஸ் குறைவு. சிறுநீரகம் பழுதான 38 நாய்களை இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2002இல் வந்தது: அந்த உணவு தின்றவற்றுக்கு, இரத்தத்தில் கழிவேறி நிலைகுலையும் அபாயம் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைந்தது, ஆயுளும் கூடியது. மருந்துக்குச் சமமான விளைவு, மருந்தில்லாமல். கடைப் பை வாங்க முடியாத வீட்டிலும் வழி உண்டு. ஈரல், மஞ்சள்கரு ஆகியவற்றில் பாஸ்பரஸ் அதிகம். முட்டையின் வெள்ளைக்கருவில் மிகக் குறைவு, புரதமோ தரமானது. டாக்டரிடம் கேட்டு அளவு போட்டால் வீட்டுச் சோறும் சிறுநீரக உணவாகும். இதய நோயுள்ள நாய்க்குக் கருவாட்டுத் துண்டு ஆகாது, உப்புக்காக. வெங்காயம் எந்த நாய்க்கும் பூனைக்கும் ஆகாது. ஆகவே நேற்றைய சாம்பார் சாதமும் ஆகாது. அளவும் முக்கியம்: 48 லாப்ரடார்களைக் குட்டிப் பருவத்திலிருந்து சாகும்வரை தொடர்ந்த ஆய்வில், கால் பங்கு குறைவாகத் தின்றவை ஏறத்தாழ இரண்டு ஆண்டு அதிகம் வாழ்ந்தன, மூட்டுத் தேய்வும் பிந்தியே வந்தது. மூட்டு வலிக்கு மாத்திரை கேட்டு வரும் பருத்த லாப்ரடார்களில் பலவற்றுக்கு முதல் மருந்து, ஆளுக்கொரு பிஸ்கட் போடுவதை நிறுத்துவதுதான். யார் எப்போது என்ன போட்டார்கள் என்று சமையலறைச் சுவரில் ஒரு தாள் தொங்கினால், வீட்டில் யாரையும் திட்டாமலே இது நின்றுவிடும்.

வலி என்றதும் நம் மருந்துப் பெட்டியை நோக்கிக் கை போகும். போகக் கூடாது. பாராசிட்டமாலைச் சிதைக்கும் வழி பூனையின் கல்லீரலில் கிட்டத்தட்ட இல்லை. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். ஐபுபுரூபனும் டைக்ளோஃபினாக்கும் நாயின் குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் சாய்க்கும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்து இந்த நாட்டின் வானத்தையே காலியாக்கியது. கால்நடைக்கு அதைப் பயன்படுத்துவதை இந்தியா 2006இல் தடை செய்தது. அளவும் நம் அனுபவத்துக்கு எதிராகவே இருக்கும். தைராய்டு குறைந்த நாய்க்கு எழுதப்படும் மாத்திரை, கிலோ கணக்கில் மனிதருக்குக் கொடுப்பதைப் போல் பத்து மடங்குக்கு மேல். சீட்டைப் பார்த்து மெடிக்கல் ஷாப்காரர் தயங்கினால் அது அவர் பொறுப்புணர்வு. டாக்டரிடம் பேசவையுங்கள், நீங்களாகக் குறைக்காதீர்கள்.

இப்போது கடினமான மறுப்பு. “வேலைக்குப் போகிறோம், குழந்தை இருக்கிறது, படுத்த படுக்கையாக மாமியார் இருக்கிறார். இதற்கு மேல் நாய்க்கு ஒரு நோட்டா?” இதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் கெண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மேரி பெத் ஸ்பிட்ஸ்நேகலும் அவர் குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, நோயுற்ற விலங்கை வளர்ப்போரையும் ஆரோக்கியமான விலங்கை வளர்ப்போரையும் ஒப்பிட்டது. முதல் பிரிவினரிடம் மனச்சுமையும் பதற்றமும் மனச்சோர்வின் அறிகுறிகளும் அதிகம் இருந்தன. “நாய்க்கு உடம்பு சரியில்லை, லீவு வேண்டும்” என்று சொல்லக் கூசும் அலுவலகங்களில், அந்தச் சுமை வெளியே தெரியாததாகவும் இருக்கிறது. ஆனால் சுமையில் பெரும்பங்கு எதில் இருக்கிறது என்று பாருங்கள். ஊசி போடும் இரண்டு நிமிடத்தில் அன்று. ‘போட்டோமா, இல்லையா’, ‘இது சாதாரணச் சோர்வா, ஆபத்தா’ என்று இரவெல்லாம் உழல்வதில். எழுதி வைத்த வீட்டில் அந்தக் கேள்விகளில் பாதி எழாது. எல்லாவற்றையும் எல்லோரும் அளக்க வேண்டியதும் இல்லை. சிறுநீரகத்துக்குத் தண்ணீரும் எடையும், இதயத்துக்கு மூச்சு, வலிப்புக்குத் தேதியும் நேரமும் எத்தனை நிமிடம் நீடித்தது என்பதும், முடிந்தால் கைபேசியில் ஒரு வீடியோவும். உங்கள் விலங்குக்கு எந்த ஓர் எண் முக்கியம் என்று டாக்டரிடமே கேட்டுக்கொண்டு அதை மட்டும் எழுதுங்கள். அதற்கும் முடியவில்லை என்றால் அதையும் அவரிடம் வெட்கமில்லாமல் சொல்லிவிடுங்கள். நாளுக்கு மூன்று வேளை மருந்து எழுதி ஒரு வேளைகூட ஒழுங்காகப் போகாமலிருப்பதைவிட, ஒரு வேளை மருந்தாக மாற்றி எழுதித் தருவது மேல்.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் கூட்டிச் சொல்ல எனக்கு ஆறுதல் வார்த்தை இல்லை. நாள்பட்ட நோய் பணம் தின்னும். விலங்குக்குக் காப்பீடு எடுத்தவர்கள் நம்மிடையே அரிது. நோய் வந்த பிறகு எடுத்தாலும் அந்த நோய்க்குப் பொதுவாகக் கிடைக்காது. மாட்டாஸ்பத்திரி என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் அரசு கால்நடை மருத்துவமனைகளும், 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையும் தனியார் செலவில் ஒரு சிறு பங்கில் பார்க்கின்றன. அங்கே கூட்டம் அதிகம், இன்று பார்த்த டாக்டரை அடுத்த முறை பார்க்க முடியாமல் போகலாம். அதனாலேயே உங்கள் கையில் நோட்டு இருக்க வேண்டியது இன்னும் அவசியம். புது டாக்டர் முதலிலிருந்து எல்லாச் சோதனைகளையும் எழுதாமல் தடுப்பது அந்த நோட்டுதான்.

இன்னொரு மறுப்பை அறிவாளிகள் சொல்வார்கள்: நாய் நாயாக வாழட்டும், அதை நோயாளியாக்கி எண்களில் அடைக்காதீர்கள், பிரியம் கணக்காகிவிடும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் நாய்க்குத் தன் வயிறு குமட்டுகிறது என்று சொல்ல வாய் இல்லை. பூனையோ வலியை மறைப்பதில் தேர்ந்தது. உயரமான அலமாரியில் ஏறுவதை நிறுத்தியது ‘வயசாயிடுச்சு’ என்று எழுதப்படாமலே போகிறது. அது இடுப்பு மூட்டு வலியாக இருக்கலாம், மருந்தில் தணியக்கூடியதாகவும் இருக்கலாம். அவை சொல்லாததை நாம் எழுதவில்லை என்றால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. நாளில் ஐந்து நிமிடம் அளந்துவிட்டு மிச்ச நேரம் முழுக்க அதை நாயாகவே நடத்தலாம், யாரும் தடுக்கவில்லை.

கடைசியாக, எந்த மருந்தும் எட்டாத கட்டம். கருணைக்கொலை என்ற சொல்லே நம் வீடுகளில் பாவமாகக் கேட்கும். அதற்குச் சம்மதிக்காத குடும்பங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சம்மதிக்கிறவர்களும் சரி, இயற்கையாகப் போகட்டும் என்று வலி குறைக்கும் மருந்தோடு காத்திருப்பவர்களும் சரி, ஒரே பொறியில் விழுகிறார்கள். நல்ல நாள் ஒன்று வந்தால் போன பத்து நாள் மறந்துவிடும். மோசமான இரவு ஒன்று வந்தால் முந்தைய நல்ல மாதம் மறந்துவிடும். அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் இதற்காக ஒரு மதிப்பெண் முறை வகுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், மோசமான நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற ஏழுக்கும் பத்துக்கு இத்தனை என்று போட வேண்டும்; கூட்டுத்தொகை 35க்கு மேல் இருந்தால் வாழ்வு தாங்கத்தக்கது என்று கொள்ளலாம். எண் முடிவெடுக்காது. வீட்டில் நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்லி அழும்போது, நால்வரும் தனித்தனியாக ஒரு வாரம் மதிப்பெண் போட்டுப் பார்த்தால், பேச ஒரு பொது இடம் கிடைக்கிறது. முடிவெடுத்த பிறகு ‘அவசரப்பட்டுவிட்டோமோ’ என்று வருடக்கணக்கில் வாட்டும் கேள்விக்கும் அந்தத் தாளில் பதில் இருக்கும்.

ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். விலங்கு போன பிறகு அதன் சங்கிலி, கிண்ணத்தோடு நோட்டையும் கண்ணில் படாமல் எறிந்துவிடுவது வழக்கம். எறிய வேண்டாம், ஒரு பிரதி எடுத்து உங்கள் டாக்டரிடம் கொடுங்கள். இந்த மடலில் நான் எடுத்துக்காட்டிய ஆய்வுகள் வெளிநாடுகளில், பெரும்பாலும் அங்குள்ள இனங்களைக் கொண்டு நடந்தவை. சோறும் தயிரும் தின்று, நாற்பது டிகிரி வெயிலில் மூச்சிரைத்து, உண்ணியோடு வளர்ந்த ஒரு கோம்பையோ தெருவிலிருந்து வந்த நாட்டு நாயோ அதே மருந்தில் எத்தனை மாதம் நன்றாக இருந்தது என்பதற்கு உங்கள் வீட்டு நோட்டை விட்டால் வேறு ஆவணம் கிடையாது. அதே நோயோடு அடுத்த வாரம் அந்த டாக்டரிடம் வரப்போகும் நாய்க்கு அது உதவும்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்